சோல் அரங்கில் பாப் பாட்டுக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: "நார்தர்ன் சோல் என்றால், யாருக்கும் தெரியாத கறுப்பின அமெரிக்கப் பாடகர்களின் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து, இங்கிலாந்தின் வடக்கில் விடிய விடிய ஆடியது என்று படித்தேன். ஆனால் அங்கே ஒலித்த பாட்டுகளின் பட்டியலில் பால் ஆங்கா, ஹெலன் ஷாப்பிரோ, கேரி லூயிஸ் எல்லாம் வருகிறார்கள். இவர்கள் வெள்ளைக்கார பாப் பாடகர்கள் ஆயிற்றே? எப்படி உள்ளே வந்தார்கள்?"

டிஜேக்கள் கூட்டிவந்தார்கள், ஆடியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதி உண்மையான தேடலின் பலன். இன்னொரு பகுதி, கம்பெனிகள் காசு பார்க்கக் கிளம்பியதன் விளைவு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "பாப் குப்பை" என்று தள்ளுவது இந்த இசையின் தீவிர ரசிகர்கள் பலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சோல் என்பது கறுப்பின அமெரிக்கர்கள் உருவாக்கிய பாட்டு வகை. மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல் என்றொரு கிளப், 1963இல் தொடங்கி 1971 வரை நடந்தது. 60களின் கடைசியில் லண்டன் சோல் ரசிகர்கள் ஃபங்க் என்ற புதிய இசை வகையின் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். வடக்கத்தியர்கள் மட்டும் 1965, 66 காலத்து வேகமான சோல் பாட்டுகளை விடவில்லை. லண்டனில் சோல் சிட்டி என்ற இசைத்தட்டுக் கடையை நடத்திய டேவ் காடின் இதைக் கவனித்தார். கால்பந்து ஆட்டம் பார்க்க வரும் வடக்கு இளைஞர்கள் கடைக்குள் நுழைந்தால் புதுப் பாட்டைப் போட்டுக் காட்டி நேரத்தை வீணாக்காதீர்கள் என்று தன் பணியாளர்களுக்குச் சொல்ல அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் "நார்தர்ன் சோல்". 1970இல் 'ப்ளூஸ் அண்ட் சோல்' இதழில் எழுதியபோது அந்தப் பெயர் அச்சேறியது. ட்விஸ்டட் வீலுக்குப் பிறகு ஸ்டோக் ஆன் ட்ரென்ட் நகரின் டன்ஸ்டல் பகுதியில் கோல்டன் டார்ச், பிளாக்பூலில் மெக்கா, 1973 செப்டம்பர் முதல் விகன் கசினோ என்று அரங்குகள் மாறின.

இந்த அரங்குகள் எதைக் கேட்டன என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைக் கம்பெனி வெளியிட்ட, ஃபோர் டாப்ஸ் குழுவின் 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள், 1965. ஸ்னேர் டிரம்மில் இரண்டாம், நான்காம் அடி மட்டும் விழுவதுதான் பொதுவான வழக்கம். இதில் நாலு அடியும் விழும், மேலே டம்பரின் அதே இடத்தில் சேர்ந்துகொள்ளும். பேஸ் கிடார் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த டெட்ராய்ட் அச்சுதான் ஆடுகளத்தின் அளவுகோல். விகனில் ஆட்டம் தொடங்குவதே இரவு 2 மணிக்கு, முடிவது காலை 8 மணிக்கு. மது விற்கும் உரிமம் கிடையாது. மரத்தளத்தில் முகப் பவுடரைத் தூவி, வழுக்கி, சுழன்று, பின்னால் சாய்ந்து கையை ஊன்றி எழுந்து ஆடுவார்கள். ஜோடி தேவையில்லை. தூக்கத்தை விரட்ட பலர் மாத்திரையும் போட்டார்கள், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. இப்படி ஆறு மணி நேரம் ஆடுகிறவனுக்கு வேண்டியது இடையில் தளராத தாளம், வயலினும் டிரம்பெட்டும் ஏறிவரும் ஒரு கட்டம், தொண்டை கிழியப் பாடும் ஒரு குரல். பாடியவரின் தோல் நிறம் தட்டின் மேல் எழுதியிருக்காது. ஒலிபெருக்கி வழியே வரும்போது யாரும் அதைக் கேட்கப்போவதும் இல்லை.

இன்னொன்று. 1965க்குப் பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்த ஒவ்வொரு பாப் கம்பெனியும் மோட்டவுனைப் பார்த்து எழுதியது. ஹாலிவுட் ஸ்டூடியோவில் காலையில் சோல் பாட்டுக்கு வாசித்த அதே ஆட்கள் பிற்பகலில் பதின்வயதுப் பாப் நட்சத்திரத்துக்கு வாசிப்பார்கள். லண்டனில் பை (Pye) என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் டோனி ஹாட்ச் போன்றவர்கள் டெட்ராய்ட் தட்டுகளைக் கவனமாகக் கேட்டு அதே கட்டுமானத்தில் பாட்டு அமைத்தார்கள். ஆகவே 1966இல் ஒரு பாப் பாடகியின் தோற்றுப்போன சிங்கிளை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டை, திருப்பிப் போட்டால், பி பக்கத்தில் அச்சு அசலாக ஒரு டெட்ராய்ட் நடனப் பாட்டு இருக்க வாய்ப்புண்டு. இப்படிப்பட்ட பி பக்கங்களுக்காகத்தான் டிஜேக்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்.

சில உதாரணங்களை நெருங்கிப் பார்ப்போம், அப்போதுதான் விஷயம் பிடிபடும்.

ஜாக்கி ட்ரென்ட். 1965இல் பிரிட்டன் சார்ட்டில், அதாவது விற்பனைத் தரவரிசையில், முதலிடம் பிடித்த பாடகி, டோனி ஹாட்சின் மனைவியானவர். இருவரும் சேர்ந்துதான் பின்னாளில் 'நெய்பர்ஸ்' என்ற ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்புப் பாட்டு எழுதினார்கள். ஸ்டோக் சிட்டி கால்பந்து அணிக்கு 1972இல் பாட்டுக் கட்டிக்கொடுத்ததும் இவர்கள்தான். இதைவிடக் குடும்பப் பாங்கான பாப் ஜோடியைத் தேட முடியாது. அதே ஜாக்கி, ரானெட்ஸ் குழு பாடிய 'யு பேபி'யை 60களில் தானும் பாடிப் பதிவு செய்தார். அந்தத் தட்டு விற்கவில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள்: தொடக்கத்திலேயே டிரம்ஸ் ஓட்டமெடுக்கும், குரல் அதற்கு மேலே ஏறி நிற்கும். நடன அரங்குகள் இதை எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. ஜாக்கி பிறந்தது ஸ்டோக்கை ஒட்டிய நியூகாசில் அண்டர் லைம் பக்கம். டார்ச் இருந்த டன்ஸ்டல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

மியூரியல் டே. வட அயர்லாந்துக்காரர். 1969இல் மாட்ரிட்டில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியில் அயர்லாந்து சார்பில் பாடிய முதல் பெண். யூரோவிஷன் என்றாலே சோல் ரசிகர் முகம் சுளிப்பார். ஆனால் அவர் அதே சமயத்தில் பதிவு செய்த 'நைன் டைம்ஸ் அவுட் ஆஃப் டென்' நார்தர்ன் அரங்குகளில் அரசாண்டது. போட்டிப் பாட்டை இன்று யாரும் கேட்பதில்லை. இதைக் கேட்கிறார்கள்.

கிக்கி டீ, பிராட்ஃபோர்டுக்காரர். பிற்பாடு மோட்டவுன் ஒப்பந்தம் செய்த முதல் பிரிட்டிஷ் பெண், எல்டன் ஜானுடன் பாடிப் புகழ் பெற்றவர். அதற்கெல்லாம் முன்பு, 1968இல் ஒரு பி பக்கமாக வந்தது 'ஆன் அ மேஜிக் கார்பெட் ரைடு'. ஹெலன் ஷாப்பிரோ 1961இல் 14 வயதில் நாட்டையே கலக்கிய சிறுமி. 1963இன் தொடக்கத்தில் அவர் தலைமையில் போன இசைச் சுற்றுப்பயணத்தில் துணைக்கு வாசித்தவர்கள் பீட்டில்ஸ். 60களின் பிற்பகுதியில் ஹிட்டுகள் வற்றிய பிறகு அவர் பாடிய 'ஸ்டாப் அண்ட் யு வில் பிகம் அவேர்' மெதுவாகத் தொடங்கி, பிறகு எகிறும் பாட்டு. பால் ஆங்காவின் 'ஐ கான்ட் ஹெல்ப் லவிங் யு'வும் இதே ரகம்தான். புகழின் வெளிச்சம் மங்கி, கம்பெனி எதையாவது முயன்று பார்ப்போம் என்று நினைத்த நேரத்தில் வந்தவை இவை. தோற்ற பாட்டுகள். தோல்விதான் இந்த உலகத்தின் நுழைவுச்சீட்டு என்றே சொல்லலாம்.

லொரெய்ன் சில்வர் கதை இன்னும் விநோதம். 1965இல், 13 வயதில், பை கம்பெனிக்கு 'லாஸ்ட் சம்மர் லவ்' பாடினார். அமெரிக்க நடிகை ஷெல்லி ஃபேபரே முதலில் பாடியது. விற்பனை ஒன்றும் இல்லை. 70களில் விகன் கசினோவில் அதற்கு ஆயிரக்கணக்கில் ஆடினார்கள், 1978இல் மறுவெளியீடும் வந்தது.

இனி, "வெள்ளையர் பாட்டு நார்தர்ன் சோல் ஆகாது" என்று வாதாடுகிறவர்களிடம் நான் எப்போதும் எடுத்துக்காட்டும் ஆதாரத்துக்கு வருகிறேன். விகன் கசினோவில் ஒவ்வொரு ஆல்நைட்டரும் மூன்று குறிப்பிட்ட பாட்டுகளோடுதான் முடியும். "எட்டு மணிக்கு முந்திய மூன்று" என்று ரசிகர்கள் மந்திரம் போலச் சொல்வார்கள். முதலாவது ஜிம்மி ராட்கிளிஃபின் 'லாங் ஆஃப்டர் டுநைட் இஸ் ஆல் ஓவர்'. பாடியவர் கறுப்பினத்தவர்; ஆனால் எழுதியவர்கள் பர்ட் பக்கராக்கும் ஹால் டேவிட்டும், அன்றைய பாப் உலகின் உச்சத்தில் இருந்த ஜோடி. இரண்டாவது டோபி லெஜெண்டின் 'டைம் வில் பாஸ் யு பை'. மூன்றாவது, கடைசிக்கும் கடைசி, டீன் பாரிஷின் 'ஐ'ம் ஆன் மை வே'. டீன் பாரிஷ் யார்? ஃபில் அனஸ்தாசி என்ற இத்தாலிய வம்சாவளி நியூயார்க்காரர். வெள்ளையர். 1967இல் வந்து காணாமல்போன தட்டு, விகன் தயவில் 1975இல் பிரிட்டிஷ் சார்ட்டில் 38ஆம் இடம் வரை போனது. இந்தப் புகழ் எதுவும் பாடியவருக்கு நீண்ட காலம் தெரியாது. பிரிட்டனில் மேடையேறியது 2000க்குப் பிறகுதான். கசினோவின் புனிதத் தட்டு ஒன்று உண்டென்றால் அது இதுதான். இதை விலக்கிவிட்டு எந்தத் தூய்மையைக் காப்பாற்றப்போகிறோம்?

மறுபக்கமும் பாருங்கள். குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெயின்டட் லவ்' நார்தர்ன் சோலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1965இல் ஒரு சிங்கிளின் பி பக்கமாக வந்து மறைந்ததை, டிஜே ரிச்சர்ட் சியர்லிங் 1973இல் ஃபிலடெல்ஃபியாவில் கண்டெடுத்தார். அதை எழுதித் தயாரித்த எட் காப், ஃபோர் ப்ரெப்ஸ் என்ற வெள்ளையர் பாப் குழுவில் பாடியவர். சோல் எங்கே முடிகிறது, பாப் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கப் போனால் இந்த மாதிரி ஒவ்வொரு தட்டிலும் கோடு அழியும்.

சரக்கு தீர்ந்துபோனதையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய தட்டு என்பது புதிதாக உற்பத்தியாகும் பொருள் இல்லை. வாரா வாரம் புதுக் கண்டுபிடிப்பை எதிர்பார்க்கும் கூட்டம், டிஜேக்களுக்கு இடையே கடும் போட்டி. கண்டெடுத்த தட்டின் லேபிள் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் மாற்றி எழுதி வைப்பார்கள், மற்றவன் தேடிப் போகாமல் இருக்க. பிளாக்பூல் மெக்காவின் டிஜே இயன் லெவின் தன் குடும்பத்தோடு மயாமிக்குப் போகும்போதெல்லாம் பழைய தட்டுகளை ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு வந்தார். அப்படியும் போதவில்லை. அந்த நெருக்கடியில்தான் பாதை பிரிந்தது. பிளாக்பூல் மெக்காவில் லெவினும் காலின் கர்டிஸும் 70களில் வந்த புதிய சோல் பாட்டுகளுக்கு மாறினார்கள். விகன், 60களின் வேகத் தாளத்தை விடமாட்டோம் என்றது. ஆனால் அந்த வேகத்தில் சோல் தட்டு கிடைக்காதபோது, அதே வேகமுள்ள பாப் தட்டு எடுபடும். பிரிவினை எவ்வளவு முற்றியது என்றால் "லெவின் வெளியேற வேண்டும்" என்று பதாகை பிடித்தவர்களும் உண்டு. இசைத்தட்டுக்காகப் பதாகை!

கம்பெனிகள் இந்தச் சந்தையை மோப்பம் பிடிக்கத் தாமதிக்கவில்லை. தொடக்கத்தில் அவை செய்தது நியாயமான காரியம்: கிளப்புகள் கண்டெடுத்த பழைய பாட்டை மறுபடி அச்சடிப்பது. ஃபிராங்கி வாலியின் 'யு'ர் ரெடி நவ்' 1966இல் தோற்றது. மறுவெளியீட்டில் 11ஆம் இடம் வந்தது. ஆர். டீன் டெய்லர் என்ற கனடிய வெள்ளையர் மோட்டவுனுக்காகப் பாடிய 'தேர்'ஸ் அ கோஸ்ட் இன் மை ஹவுஸ்' 1967இல் யாரும் சீண்டாத தட்டு, 1974இல் 3ஆம் இடம். வேய்ன் கிப்சன் பாடிய ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு 'அண்டர் மை தம்' அதே ஆண்டு 17ஆம் இடம். ஃபோர் சீசன்ஸ் குழுவின் 'தி நைட்' 1975இல் 7ஆம் இடம். கேரி லூயிஸ், அதாவது நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸின் மகன், 1966இல் அமெரிக்காவில் ஹிட்டாக்கிய 'மை ஹார்ட்'ஸ் சிம்ஃபனி'கூட 1975இல் இங்கே 36ஆம் இடம் வரை ஏறியது. இவை எல்லாமே ஆடுகளம் தேர்ந்தெடுத்தவை. எனக்கு இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு வந்தது 'ஃபூட்சி'.

சோசன் ஃப்யூ என்ற கனடியக் குழு 60களின் கடைசியில் பதிவு செய்த ஒரு சாதாரணப் பாட்டு அது. பை கம்பெனியின் டிஸ்கோ டிமாண்ட் லேபிள் அதை எடுத்து, வேகத்தைக் கூட்டி, கால்பந்து மைதானத்துக் கூட்டத்தின் இரைச்சலை மேலே ஏற்றி, "விகன்'ஸ் சோசன் ஃப்யூ" என்று பெயரும் சூட்டி 1975 ஜனவரியில் விட்டது. ஒன்பதாம் இடம்! பாட குழு இல்லாததால் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற பிபிசி தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் விகன் ஆட்டக்காரர்களை நிறுத்தி ஆடவைத்தார்கள். அகலக் கால்சட்டை, பனியன், சுழற்சி எல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்தது. இரண்டு மாதத்தில் விகன்'ஸ் ஒவேஷன் என்ற உள்ளூர்க் குழு, இன்விடேஷன்ஸ் பாடிய 'ஸ்கீயிங் இன் தி ஸ்னோ'வைத் திரும்பப் பாடி 12ஆம் இடம் பிடித்தது. மூலத்தை ஒரு தடவை கேட்டவர் இந்த நகலை இரண்டாம் தடவை கேட்கமாட்டார். இதே காலத்தில் தொலைக்காட்சித் தொடர் முகப்பு இசைகளும் அரங்கில் ஏறின: 'ஹவாய் ஃபைவ்-ஓ', பொம்மைத் தொடரான 'ஜோ 90'. கறுப்பின அமெரிக்காவின் தொலைந்த குரல்களைத் தேடி இறங்கியவர்கள் பொம்மலாட்டத்தில் கரையேறினார்கள் என்று பழைய ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டது புரிந்துகொள்ளக்கூடியதே. இருந்தாலும் மைக் போஸ்ட் குழுவின் வாத்திய இசை 'ஆஃப்டர்நூன் ஆஃப் தி ரைனோ'வை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவர் பிறகு 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' போன்ற தொடர்களுக்கு இசையமைத்தவர்தான், ஆனால் இந்தத் தட்டில் அப்பட்டமான நடனவெறி இருக்கிறது.

ஆக, என் அளவுகோல் இது. யாரோ ஒருவர் 1966இல் ஒரு ஹிட் கிடைக்கும் என்று உயிரைக் கொடுத்துப் பாடி, சந்தை அதை வீசி எறிந்து, பத்தாண்டு கழித்து ஒரு டிஜே அதைக் கண்டெடுத்தால், அது நார்தர்ன் அரங்கின் பாட்டு. பாடியவர் எந்த இனமானாலும் சரி. நார்தர்ன் அரங்கில் விற்பதற்காகவே 1975இல் ஒரு அறையில் உட்கார்ந்து தயாரித்தது என்றால், தாளம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது வேறு சரக்கு. இதற்கும் விதிவிலக்குச் சொல்ல ஆள் இருப்பார்கள். ஜாவெல்ஸ் பெயரில் நோஸ்மோ கிங் பாடிய 'குட்பை நத்திங் டு சே' 1974இல் வந்த பிரிட்டிஷ் தயாரிப்பு, அதற்கு உண்மையாகவே ஆடினார்கள். சரி, இருக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கிலி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எச். பி. பார்னம் கறுப்பினத்தைச் சேர்ந்த இசையமைப்பாளர். சோல், பாப் இரண்டிலும் வேலை செய்தவர். அவர் எழுதிய 'வாட்' பாட்டை 1965இல் முதலில் பதிவு செய்தவர் மெலிண்டா மார்க்ஸ், நகைச்சுவை மேதை க்ரூச்சோ மார்க்ஸின் மகள். 1968இல் ஜூடி ஸ்ட்ரீட் என்ற வெள்ளை அமெரிக்கப் பெண் ஒரு சின்ன லேபிளுக்கு அதைப் பாடினார், அதுவும் பி பக்கம். வடக்கு இங்கிலாந்து ஆடித் தீர்த்தது ஜூடியின் தட்டைத்தான். கொஞ்சம் கரகரத்த, விட்டுக்கொடுக்காத குரல். பியானோ கட்டையை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே போகும் தாளம். இந்த அரங்குகளின் காற்றைச் சுவாசித்து வளர்ந்த சாஃப்ட் செல் என்ற இருவர் குழு 1981இல் 'டெயின்டட் லவ்'வை முதலிடத்துக்கும், 1982இல் 'வாட்'டை 3ஆம் இடத்துக்கும் கொண்டுபோனது. அந்த இருவரில் டேவ் பால் வளர்ந்தது பிளாக்பூலில். ஒரு பாட்டு கறுப்பினப் படைப்பாளி, ஹாலிவுட் வீட்டுப் பெண், முகமறியாப் பாடகி, லாங்கஷயர் ஆட்டக்காரர்கள், சிந்தசைசர் ஜோடி என்று கை மாறியிருக்கிறது. இதில் எந்தக் கட்டத்தில் நிறுத்தி "இதுவரை சோல், இனி பாப்" என்பீர்கள்?

எங்கே தொடங்கிக் கேட்பது என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஜூடி ஸ்ட்ரீட், பிறகு மியூரியல் டே, பிறகு லின் ராண்டெலின் 'ஸ்ட்ரேஞ்சர் இன் மை ஆர்ம்ஸ்'. லின் லிவர்பூலில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாடகி, 1967இல் மங்கீஸ் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் உடன் பாடியவர். அடுத்து பெகி மார்ச்சின் 'இஃப் யு லவ்ட் மீ': பிரெஞ்சுப் பாடகர் மிஷேல் போல்னரேஃபின் மெட்டுக்கு ஆங்கில வரிகள், 15 வயதில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்துப் பின் மறக்கப்பட்ட ஒரு பெண்ணின் குரல். டீன் பாரிஷைக் கடைசியில் போடுங்கள், கசினோ வழக்கப்படி.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது. தட்டாகவே வேண்டும் என்றால் மூலப் பிரதிக்கு ஆசைப்படாமல் 70களின் பிரிட்டிஷ் மறுவெளியீட்டைத் தேடுங்கள்; ஆடியவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் வைத்திருந்ததும் அதைத்தான். அப்படித் தேடும்போது பழைய பெட்டியில் 'ஃபூட்சி' தட்டுப்பட்டால் முகம் சுளித்து நகர்ந்துவிட வேண்டாம். திருப்பிப் பாருங்கள். பி பக்கத்தில் இருப்பது சக் வுட்டின் 'செவன் டேஸ் டூ லாங்', 1967இன் அசல் சோல்.